ஒட்டு விளையாட்டின் நான்காவது விதி

வாசலில் அந்த வெள்ளைக் காரை நிறுத்தியவர் யாராக இருந்தாலும், பின்கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை, மேடம். இடது சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கிறது. அதைச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் பத்தொன்பது வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் கண்ணில் இது படாமல் போகாது.

எழுதித் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், நன்றி. பேசினால் என் குரல் எடுபடுவதில்லை. நான் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் காதைக் கொண்டுவந்து என் முகத்தருகே வைத்துக்கொள்வார். இன்று காலை உங்கள் முன்மேசைக் காவலரிடம் வந்த காரியத்தை நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. "வாள் பயிற்சிக்கூடத்துல அடிபட்டாரே, அவரு கேஸா? அதை விபத்துன்னு மூடியாச்சே சார்" என்றார். மூடியது தெரிந்துதான் வந்தேன்.

அடிபட்டவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. நீங்கள் எங்கள் கூடத்துக்கு ஒருமுறை வந்து தரையில் நாடா வைத்து அளந்துவிட்டுப் போனீர்கள். அளந்தால் மட்டும் அந்த இடம் புரிந்துவிடாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது முன்பு ஒரு மெத்தைக் கம்பெனியின் கிடங்கு. சுவரில் 'இனி உங்கள் முதுகுக்கு நிம்மதி' என்று ஆள் உயர எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அதன் கீழே செவ்வாயும் வெள்ளியும் மாலையில் இருபத்து நான்கு பேர் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையும் கம்பிவலை முகக்கவசமும் போட்டுக்கொண்டு, நெஞ்சுயரம் வரும் இரும்பு வாளை இரண்டு கையாலும் பிடித்து மோதிக்கொள்வோம். வாளுக்குக் கூர் கிடையாது, முனையை உருட்டிவிட்டிருக்கும். ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முந்தைய படப் புத்தகங்களைப் பார்த்து, அந்தக் காலத்து ஆட்கள் எப்படி வாள் வீசினார்கள் என்று மாஸ்டர் கண்டுபிடித்துச் சொல்வார், நாங்கள் செய்து பார்ப்போம். கிறுக்குத்தனம் என்பாள் என் மனைவி. நான் மறுத்ததில்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அடிக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அடிப்பது யாருக்கும் வரும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க எவனுக்காவது பாடம் வேண்டுமா? நிறுத்துவதற்குத்தான் பாடம் வேண்டும். அதனால் முதல் பத்து மாதம் எங்கள் கூடத்தில் சண்டையே கிடையாது, விளையாட்டு மட்டும்தான். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆட வேண்டும். முதல் விளையாட்டுக்குப் பெயர் விரலளவு. ஒருவர் முழு வேகத்தில் வாளை ஓங்கி வந்து, எதிரில் நிற்பவரின் முகக்கவசத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்த வேண்டும். பட்டுவிட்டால் ஓங்கியவர் தோற்றார். எதிரில் நிற்பவர் கண்ணைச் சிமிட்டினால் அவர் தோற்றார். கேட்க எளிதாக இருக்கும். முதல் வாரத்தில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் கழிவறைக்குப் போகிறேன் என்று நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஒட்டு. இருவர் வாளும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்க வேண்டும். ஒருவர் கூடம் முழுக்க நடந்தபடி வாளை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், மற்றவர் வாள் அதோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். விதிகள் மூன்றுதான். வாள்கள் பிரியக் கூடாது, பலத்தைக் காட்டி அழுத்தக் கூடாது, கால் நிற்கக் கூடாது. இதில் ஊறிப்போனால் எதிராளியின் தோள் இறுகுவது, மூச்சு மாறுவது எல்லாம் இரும்பு வழியாகவே உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிடும். நன்றாகப் பழகியவர்கள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். இதை நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். எனக்குக் கண்ணைக் கட்டி ஆடப் பதினொரு மாதம் பிடித்தது.

ஜோடி என்பதை நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை சேர்ந்தால் வருடம் முழுக்க அதே ஆள்தான். முதல் வருடத்துக்காரர் தன் ஜோடியைத் தவிர வேறு யார் வாளையும் தொடக் கூடாது. உங்கள் உடுப்பைச் சரிபார்ப்பதும் ஜோடியின் வேலை. முகக்கவசத்தின் வார், கையுறை, கடைசியாகக் கழுத்துக் காப்பு. அது தடித்த தோல் பட்டை. அதற்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. பார்த்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி 'சரி' என்று கத்த வேண்டும். அந்த 'சரி' இல்லாமல் யாரும் களத்துக்குள் கால் வைக்க முடியாது. என் 'சரி' யாருக்கும் கேட்காது என்பதால், நான் மட்டும் கையைத் தூக்கினால் போதும் என்று மாஸ்டர் எனக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார். அதை அவர் எல்லோர் முன்னாலும் அறிவித்தபோது நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

ஒன்பது வருடம் அங்கே போனேன், மேடம். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி ஜோடி போடுவார்கள். எனக்குக் குலுக்கல் கிடையாது. வருகிறவர்களில் எவர் மிகவும் தத்தியோ அவரை மாஸ்டர் என் பக்கம் தள்ளிவிடுவார். "நீங்க பொறுமைசாலி சார். உங்க கையில குடுத்தா தேறிடுவாங்க" என்பார். தேறிவிடுவார்கள்தான். தச்சர் ஒருவர் வந்தார், மருந்துக்கடை அம்மா வந்தார், மின்வாரியத்துக்காரர் வந்தார். ஒரு வருடம் என்னிடம் குத்தும் உதையும் பட்டுக் கற்றுக்கொண்டு, தேர்வில் ஜெயித்து, முன்வரிசைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால், "என்ன சார், நல்லாருக்கீங்களா?" என்று பழைய வீட்டுக்காரரை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். நான் மறுபடி ஒரு தத்தியோடு விரலளவிலிருந்து ஆரம்பிப்பேன். வேலையிலும் இதே கதைதான். நான் கற்றுக்கொடுத்தவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டுகிறார்கள். நான் இன்னும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவனைப் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவன் வாயைத் திறந்து எதையும் கேட்க முடியாது.

எட்டுப் பேர் இப்படிப் போன பிறகு, ஒன்பதாவதாக வந்தவன் என் மைத்துனன்.

அவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடையில் எத்தனை மணிக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவன். இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். அப்படி ஒரு குரல். வீட்டிலும் அதை இறக்கி வைக்க மாட்டான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கால் மணி நேரத்திற்கு முன் குளியலறைக்குள் சென்ற அத்தான், தொழில்நுட்பக் காரணங்களால் தாமதமாக வெளியே வருவார்" என்று கதவுக்கு வெளியே நின்று அறிவிப்பான். என் மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறாள். நானும் சிரித்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் பேசினால் மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் உப்பைக் கேட்டால் அது என் கைக்கு வந்து சேர்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

"தம்பிக்கும் கத்துக்குடுங்களேன். சாயங்காலம் சும்மாதானே இருக்கான்" என்று மனைவிதான் சொன்னாள். கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் வழக்கம்போல என்னிடமே ஒப்படைத்தார்.

அவன் தத்தி இல்லை. மூன்றாவது வாரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒட்டு ஆடினான். எனக்குப் பதினொரு மாதம் பிடித்ததை மூன்று வாரத்தில் செய்துவிட்டு, துணியை அவிழ்த்து, "என்ன அத்தான், இவ்ளோதானா?" என்று கேட்டான். வேண்டுமென்று கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்காவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து நானும் மாஸ்டரும் வாள்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். துருப்பிடிக்காமலிருக்கச் செய்வது. ஒன்பது வருடங்களாக அதுவும் என் வேலைதான். மாஸ்டர் சொன்னார்: "அடுத்த வருஷம் எனக்கு உதவியா ஒரு ஆசிரியரைப் போடணும் சார். ஒத்த ஆளா முடியல."

நான் துணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"உங்க மச்சினனத்தான் நினைச்சிருக்கேன். தேர்வு மட்டும் முடியட்டும். அவனுக்குக் குரல் இருக்கு பாருங்க, ஒரு சத்தம் போட்டான்னா இருபது பேர் அப்படியே நிக்கிறாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இல்லாட்டி இந்தக் கூடமே இல்ல. ஆனா நீங்க ஒரு நல்ல ஜோடி. அது வேற."

"சரிங்க மாஸ்டர்" என்றேன்.

"என்ன?" என்று காதைக் கொண்டுவந்தார். மறுபடியும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒட்டு விளையாட்டில் நான்காவது விதியைச் சேர்த்தேன்.

விதி இதுதான். வாள் பிரிந்துவிட்டால், பிரியவிட்டவர், அதாவது ஒட்டிக்கொண்டு போக முடியாமல் தவறவிட்டவர், அந்த நொடியே அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு கையையும் தொப்புள் வரை இறக்க வேண்டும். தாடையை நன்றாக மேலே தூக்கி, 'போச்சு' என்று சொல்ல வேண்டும். தோற்றதைக் குனிந்துகொண்டு மழுப்பாமல் நிமிர்ந்து ஒப்புக்கொள்வது எதிராளிக்குச் செய்யும் மரியாதை என்று விளக்கம் சொன்னேன். மைத்துனனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒலிபெருக்கிக் குரலில் அவன் 'போச்சு' என்றதும் கூடமே சிரித்தது. மாஸ்டர்கூட, "நல்ல பழக்கமா இருக்கே" என்றார். மற்ற ஜோடிகள் ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சண்டையில் எதிராளியின் வாள் உங்கள் வாளைவிட்டுத் திடீரென்று விலகினால், அவன் தோற்றுவிட்டான் என்றும் அர்த்தமில்லை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றும் அர்த்தமில்லை. அவன் கீழே நழுவி மறுபக்கமாக உங்கள் முகத்துக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்த நொடியில் கையை முன்னே நீட்டி மறைக்க வேண்டும். கையை இறக்கித் தாடையைத் தூக்குவது என்பது, சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது.

ஒரு மாலைக்கு அறுபது, எழுபது தடவை அவன் வாளிலிருந்து நழுவினேன். வாரம் இரண்டு மாலை, ஆறு மாதம். மூவாயிரத்துக்குக் குறையாது. முதலில் மெதுவாக நழுவினேன், அப்புறம் வேகமாக. அவன் களைத்திருக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது, கண்ணைக் கட்டியிருக்கும்போது, கட்டாதபோது. கார் பழகுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, தலைக்குக் கற்றுக்கொடுத்தால் மறந்துவிடும், காலுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது. ஒரு வெள்ளிக்கிழமை நான் நழுவியதும் அவன் கை தானாக முன்னே நீண்டு, வாள்முனை நேராக என் நெஞ்சில் வந்து நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் உடம்பு தானே கண்டுபிடித்துக்கொண்டது. புத்தகத்துப் படத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். "தப்பு மாப்ள" என்றேன்.

"சாரி அத்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஆரம்பித்தான்.

இன்னொரு நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது அவனே கேட்டான். "அத்தான், நெசமான சண்டையில இப்படிக் கையை இறக்கிட்டு நின்னா, வாங்கிக் கட்டிக்க மாட்டேனா?"

"விளையாட்டு வேற, சண்டை வேற. அங்க போனா கை தானா மாறிக்கும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

கழுத்துக் காப்பு விஷயம் தனி. அவன் தன் தொண்டையைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்வான். காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பான், ஐஸ் தண்ணீர் தொட மாட்டான். தாடையைத் தூக்கும்போது தோல்பட்டை உராய்கிறது, தொண்டை கரகரக்கிறது என்றான். ஒரு துளை தளர்த்திக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் சொன்னான். இன்னொரு துளை. தொண்டையைக் குறிவைத்து நான் எதையும் திட்டமிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு உராய்ந்தது, தளர்த்தினேன்.

தேர்வில் ஜோடிகள் ஒருவருக்கொருவர் மோதக் கூடாது. முதல் வருடத்துக்காரர் வேறொருவர் வாளைத் தொடுவதே அன்றைக்குத்தான். "உங்க ஆளை யார்கூட விடலாம்?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். தச்சரோடு விடுங்கள், நிதானமான கை என்றேன். அது பொய்யில்லை. நான்கு வருடங்களுக்கு முன் அவர் என் ஜோடி. அவருக்கு நன்றாக வருவது ஒரே ஒரு வித்தைதான், ஒட்டிலிருந்து கீழே நழுவி முகக்கவசத்தின் நடுவலைக்குக் குத்துவது. நான்தான் கற்றுக்கொடுத்தேன். வலை அதைத் தாங்கும், இதுவரை யாருக்கும் அவரால் ஒரு கீறல் விழுந்ததில்லை. தச்சர் மேல் எள்ளளவும் தவறில்லை, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அவர் இரண்டு மாதமாகப் பட்டறையைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. என் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனன் தன்னைத்தானே அறிவித்துக்கொண்டான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. முதல் களத்திலிருந்து அடி வாங்கப் புறப்படுபவர், இன்னும் சில நிமிடங்களில்..." எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என் முன்னால் வந்து நின்றான், நான் சரிபார்ப்பதற்காக. வாரை இழுத்துப் பார்த்தேன். கையுறையைப் பார்த்தேன். கழுத்துக் காப்புக்குள் இரண்டு விரலை விட்டேன். மூன்றாவது நுழைந்தது. நான்காவதும் நுழைந்தது. அவன் தொண்டை என் விரல்மேல் ஏறி இறங்கியது, எச்சில் விழுங்கினான் போலிருக்கிறது. "பயமாத்தான் இருக்கு அத்தான்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்லிக்குடுத்த மாதிரி செய்" என்றேன்.

பிறகு கையைத் தூக்கினேன்.

முதல் மோதலில் அவன் நன்றாகவே செய்தான், தச்சரின் தோளில் ஒரு வெட்டு வைத்தான். மகள் நாற்காலியிலேயே துள்ளினாள். இரண்டாவதில் வாள்கள் வந்து ஒட்டின. தச்சரின் வலது தோள் இறங்குவதைப் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கூடத்தில் யார் வேண்டுமானாலும் 'நில்' என்று கத்தலாம், கத்தினால் எல்லா வாளும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்தொன்பது வருடங்களில் இரண்டாவது பிரேக்கை நான் ஒரு தடவைகூடத் தாமதமாக மிதித்ததில்லை. நேரம் இருந்தது. என் குரல் எடுபடாது என்பது உண்மைதான். ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

தச்சரின் வாள் நழுவியது. மைத்துனன் கையைத் தொப்புள் வரை இறக்கினான். தாடையைத் தூக்கினான். "போச்சு" என்றான், கடைசி நாற்காலி வரை கேட்கும்படி தெளிவாக. வலைக்கு வந்த முனை, தூக்கிய தாடைக்குக் கீழே போனது. தளர்ந்த பட்டையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு உள்ளே போனது. ரத்தம் வரவில்லை. காலி பிளாஸ்டிக் பாட்டிலை மிதித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இனியும் வராது என்று, இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் சொன்னார்.

கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்தது நான்தான். இப்போதும் தினமும் காலையில் அதன் உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது நான்தான். மனைவிக்கு அதைத் தொட மனம் வரவில்லை. "இவரு மட்டும் இல்லேன்னா என் தம்பி என்ன ஆயிருப்பானோ" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பேருந்து நிலையத்தில் அவனைப் பொருள் காப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இப்போது நான் கேட்டதும் உப்பு வந்துவிடுகிறது. அது நிம்மதியாக இருக்கும் என்று எப்போதோ நினைத்திருக்கிறேன். இல்லை.

உதவி ஆசிரியர் வேலையும் எனக்கு வரவில்லை. மருந்துக்கடை அம்மாவைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கும் பெரிய குரல் கிடையாது, மேடம். கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருக்கிறார். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு விசில் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். இதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. மாஸ்டர் கொடுத்த வாக்குமூலத்தை அப்படியே சேர்த்திருக்கிறீர்கள். 'மாணவர் அடிப்படைப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. பதற்றத்தில் கையை இறக்கிவிட்டார். பயிற்சி போதாமையே விபத்துக்குக் காரணம்.' மைத்துனன் அதை மூன்று தடவை படித்தான். மகளின் பழைய சிலேட்டு ஒன்றில்தான் இப்போது அவன் எழுதிக் காட்டுவான். எடுத்து எழுதினான்: 'அத்தான், நான் அவ்வளவு மோசமாவா கத்துக்கிட்டேன்?'

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மாஸ்டர் என்னைக் கறிவேப்பிலையாகத் தூக்கிப்போட்டபோதுகூட அப்படி ஆத்திரம் வந்ததில்லை. "இல்ல மாப்ள, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவன் நம்பவில்லை. தச்சருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினான், என்னால் உங்களுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது என்று. அதை ஓர் உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தான். பிறகு சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதான். குரல் இல்லாமல் ஒரு ஆள் அழுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குழாய்தான் விசிலடிக்கும்.

ஆகவே இதை எழுதுகிறேன். அந்த விதியைச் சேர்த்தது நான். அவன் சரியாகச் செய்ததைத் தப்பு என்று சொன்னது நான். காப்பை இரண்டு துளை தளர்த்தியது நான். தச்சரைத் தேர்ந்தெடுத்தது நான். நான்கு விரல் நுழைந்தது தெரிந்தே கையைத் தூக்கினேன், 'நில்' என்று கத்தவில்லை. அவன் அடிபட வேண்டும் என்றுதான் இவ்வளவையும் செய்தேன். எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்பதெல்லாம் உங்கள் பாடு, நான் மறுத்துப் பேசப் போவதில்லை. கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அறிக்கையில் அவன் கற்றுக்கொள்ளவில்லை என்று இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். அவன் பதறவில்லை. உயிரே போகிற நேரத்திலும் நான் சொல்லிக்கொடுத்ததை இம்மி பிசகாமல் செய்தான், ஒன்பது பேரில் அப்படிச் செய்தவன் அவன் ஒருவன்தான். அதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஊர் ஆயிரம் பேசட்டும், என் ஜோடியை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.